எஞ்சின் வேலையும் நியாயமான கூலியும்

வண்டி வைத்துப் பிழைக்கும் குடும்பத்தாருக்கு, "எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும்" என்று பட்டறைக்காரர் கூறும் சொல்லைப்போல் கலக்கம் தரும் சொல் வேறொன்று இராது. வண்டி நிற்கும் நாள்களில் வரும்படி நின்றுவிடுகிறது; தவணைப் பணமோ நிற்பதில்லை. அந்த வேளையில் பட்டறைக்காரர் ஒரு தொகையைச் சொல்கிறார். அது நியாயந்தானா, மிகுதியா, அல்லது பின்னால் தொல்லை விளைவிக்கும் அளவுக்குக் குறைவா என்று தீர்மானிக்க நம்மிடம் என்ன அளவுகோல் இருக்கிறது? எந்திர நூல் கற்றவர்களுக்கு மட்டுமே இது இயலும் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். உண்மை அவ்வாறன்று. சில கேள்விகளை வரிசை தவறாமல் கேட்கத் தெரிந்த எவரும் ஒரு தொகையின் நியாயத்தை ஏறக்குறைய அறிந்துகொள்ளலாம்.

இதனை விளக்குவதற்கு மூணாற்றை எடுத்துக்கொள்வோம். 1877-ஆம் ஆண்டில் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து மன்றோ துரை கண்ணன் தேவன் மலைகளைப் பெற்ற பின்னர், அங்கே எழுந்த தோட்டங்களில் உழைப்பதற்குத் தென் தமிழ்நாட்டிலிருந்து நம் மக்கள் மலையேறினார்கள். குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் சிறு இரயில் ஓடியது. 1924 ஜூலை மாதத்துப் பெருவெள்ளம் அதனை அழித்தது. மீண்டும் அது அமைக்கப்படவில்லை. அரிசியும் ஆளும் தேயிலையும் மலை ஏறி இறங்குவதற்கு இன்று மோட்டார் வண்டியே துணை. போடிமெட்டுச் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு நாள்தோறும் இவ்வாறான பாதைகளில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறி இறங்கும் ஜீப்பின் எஞ்சின், சமவெளி வண்டியைவிட விரைவில் தேய்வது இயற்கையே. மேலும், எஞ்சினைச் சோதிக்கும் வழக்கமான முறைகள் மலையின்மீது சற்றே வேறான விடையைத் தருகின்றன. ஆகவே மூணாற்றில் நியாயம் காணக் கற்றவர், தில்லியிலோ மும்பையிலோ பெங்களூரிலோ இருப்பினும் ஏமாறமாட்டார்.

முதற்கண் மனத்தில் இருத்த வேண்டியது இது: நோய் இன்னதென்று தெரியாத வரையில் மருந்தின் விலையைப் பற்றி நியாயம் பேச இயலாது. அறுபதினாயிரம் ரூபாய் என்பது அதிகமா, குறைவா என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. எந்தப் பழுதுக்கு, எந்த வேலைக்கு, எந்தப் பொருளுக்கு அறுபதினாயிரம் என்பதே கேள்வி. சோதனை எதுவும் செய்யாமல், புகையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லப்படும் தொகை, சிறிதாயினும் பெரிதாயினும், மதிப்பிடத் தக்கதன்று.

புகையைப் பற்றிய பொது அறிவு பலருக்கும் உண்டு. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். வெண்புகை தண்ணீர் உள்ளே புகுவதைக் காட்டும். கரும்புகை எரிபொருள் மிகுதியைக் காட்டும். இவை பிழையல்ல. எனினும் மலையின்மேல் இம்மூன்றையும் ஆராய்ந்தே கொள்ள வேண்டும்.

வெண்புகையை முதலில் பார்ப்போம். மார்கழி, தை மாதங்களில் மூணாற்றின் விடியற்காலைக் குளிர் சில நாள்களில் பூச்சியத்தை ஒட்டி இறங்கிவிடும். அப்போது எந்த நல்ல வண்டியும் வெண்மையான ஆவியை விடும். எஞ்சின் சூடேறியதும் அது மறைந்தால் கவலை வேண்டா. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் நாள்தோறும் குறைந்துவந்தால், அப்பொழுதுதான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் அளக்கும் கம்பியில் மோர்போன்ற கலவை தென்பட்டால் சந்தேகம் உறுதியாகும். அப்படியே உறுதியானாலும், அது பெரும்பாலும் ஹெட்டை மட்டும் கழற்றிச் செய்யும் வேலையாக முடியலாம். முழு எஞ்சினையும் பிரிக்கும் வேலை என்று உடனே கொள்ளலாகாது.

அடுத்தது கரும்புகை. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. பழைய வகை டீசல் பம்பும் கார்புரேட்டரும் இதனை அறியா. சமவெளிக்கு அமைத்த அளவிலேயே எரிபொருளைத் தருகின்றன. எரிவதற்குப் போதிய காற்று இன்மையால் புகை கறுக்கிறது. காற்று வடிகட்டி அடைத்திருந்தாலும், இன்ஜெக்டர் கெட்டிருந்தாலும் இவ்வாறே நேரும். கரும்புகை ஒன்றை மட்டும் காரணமாகக் காட்டி எஞ்சினை இறக்கச் சொன்னால், "வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் பார்த்தாயிற்றா?" என்று கேட்பது நம் கடமை.

நீலப் புகையிலும் ஒரு நுட்பம் உண்டு. பெட்ரோல் வண்டி ஒன்று மலையிலிருந்து கியரின் பிடியிலேயே நெடுந்தூரம் இறங்குகையில், எஞ்சினுக்குள் உறிஞ்சும் விசை மிகுகிறது. வால்வ் சீல் தளர்ந்திருப்பின் அதன் வழியாக ஆயில் உள்ளே இழுக்கப்படும். அடிவாரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ஒரு முறை நீலப் புகை குபீரென்று வந்து ஓய்ந்துவிடும். இது சீலின் குற்றம். செலவும் ஒப்பு நோக்கச் சிறிது. அவ்வாறின்றி, பாரத்தோடு மேடேறும்போது இடைவிடாமல் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்திருக்க இடமுண்டு. எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் காற்றும் புகையும் அழுத்தத்துடன் வெளிப்படுவது இதற்கு மற்றோர் அடையாளம். பட்டறைகளில் இதனைப் பேக் கம்ப்ரஷன் என்பர். ஆகவே, புகை எப்பொழுது வருகிறது, ஏற்றத்திலா இறக்கத்திலா, எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது என்பனவற்றை ஒரு வார காலம் குறித்து வைத்துப் பட்டறைக்குச் செல்வது நன்று. அக்குறிப்பு நல்ல மெக்கானிக்குக்குப் பெருந்துணையாகும். மற்றவருக்கு ஓர் எச்சரிக்கையாகும்.

இனி, அளந்து பார்க்கும் சோதனை. ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்பதைக் கம்ப்ரஷன் கேஜ் காட்டும். மூணாறு கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்குள்ள காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. ஆதலின் பழுதற்ற எஞ்சினிலும் கேஜ் குறைத்தே காட்டும். கடலோரத்தில் 150 பவுண்டு காட்டும் பெட்ரோல் எஞ்சின், மூணாற்றில் 130 பவுண்டுக்குச் சற்றுக் கீழே காட்டக்கூடும். கையேட்டில் உள்ள எண்ணோடு அப்படியே ஒப்பிட்டு "கம்ப்ரஷன் போய்விட்டது" என்று சொல்வது உயரத்தின் குறைவை எஞ்சினின் தலையில் சுமத்துவதாகும். சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடே கவனிக்கத் தக்கது. மிகக் குறைந்த சிலிண்டரின் அளவு, மிக உயர்ந்ததன் அளவில் முக்கால் பங்குக்குக் கீழே போகலாகாது என்பது பொதுவாகக் கையாளப்படும் விதி. வண்டிக்குரிய கையேடு வேறு சொன்னால் அதுவே முடிவு. பெட்ரோல் எஞ்சினில், குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் அளப்பார்கள். அளவு உயர்ந்தால் குற்றம் ரிங்கிலோ போரிலோ இருக்கிறது. உயராவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கிறது. ஒரு கரண்டி ஆயிலில் தெரியும் இந்த வேற்றுமை, மொத்தச் செலவையே பாதிக்கு மேல் மாற்றிவிடக் கூடியது. ஆகவே சோதனைக்குத் தனிக் கூலி கேட்டால் தயங்காமல் கொடுத்து, நான்கு சிலிண்டரின் எண்களையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

நோய் தெரிந்த பின்னரே விலைப் பேச்சு. இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிதல் அவசியம். மதிப்பீடு என்பது ஏறத்தாழ இவ்வளவு ஆகும் என்ற ஊகம். விலைப்புள்ளி என்பது இந்த வேலையை இந்தத் தொகைக்குச் செய்து தருகிறேன் என்ற வாக்குறுதி. பட்டறையில் இரண்டும் ஒன்றாகவே வழங்குகின்றன. பின்னால் எழும் சச்சரவுகளில் பல இதனால் விளைவனவே. எஞ்சினைத் திறவாமல் கிராங்கின் தேய்மானத்தை ஒருவரும் அளக்க முடியாது. ஆதலின் முதலில் மதிப்பீடு, திறந்து அளந்த பின் விலைப்புள்ளி என்று இரு படியாகக் கேட்பதே முறை. திறந்து பார்த்த பிறகு வேலை வேண்டாமென்று நாம் முடிவு செய்தால், பிரித்த கூலி எவ்வளவு என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இதனைப் பேசாதவர்கள், வேறு வழியின்றிப் பிரித்த இடத்திலேயே வேலையை முடிக்க நேர்கிறது.

ஹெட் வேலை, அரை எஞ்சின், முழு எஞ்சின் என்று மூன்று பெயர்கள் வழங்குகின்றன. இவை பட்டறைக்குப் பட்டறை வெவ்வேறு பொருள் தருவன. ஒருவருடைய முழு வேலையில் கிராங்க் கடைதல் அடங்கும், மற்றொருவருடையதில் அடங்காது. எனவே பெயரை நம்பாமல் விவரத்தைக் கேட்க வேண்டும். விவரம் ஐந்து தலைப்புகளில் அடங்கும்.

முதலாவது உதிரிப்பாகம்: பிஸ்டன், ரிங், பேரிங், வால்வ், கேஸ்கெட் செட் முதலியன. வண்டிக் கம்பெனியின் பெயரில் வருபவை, அதே தரத்தில் வேறு கம்பெனி செய்பவை, போலி என்று மூவகை உண்டு. எந்தப் பெயருடைய பாகம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். உறையில் அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் வாங்குதல் சட்டத்துக்குப் புறம்பு. பட்டறைக்காரர் கடையில் கழிவு பெற்று, நம்மிடம் உறை விலையை வாங்குவது வியாபார வழக்கம். அதனைக் குற்றமென்று கருத வேண்டா.

இரண்டாவது லேத் பட்டறைக் கூலி: போர் போடுதல், ஸ்லீவ் இறக்குதல், கிராங்க் கடைதல், ஹெட்டின் முகத்தைச் சமன் செய்தல் ஆகியன. போர் தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கையில் புதிய ரிங்கை மட்டும் போட்டு முடித்தால், பணம் மிச்சமானதுபோல் தோன்றும். சில மாதங்களில் பழைய புகை திரும்பும். போரையும் கிராங்கையும் அளந்த எண்களையும், எத்தனாவது ஓவர்சைஸ் பிஸ்டன் என்பதையும் கேட்டு வாங்குக. 0.25, 0.50 மில்லிமீட்டர் என்ற கணக்கில் அது சொல்லப்படும்.

மூன்றாவது கழற்றி மாட்டும் கூலி. நான்காவது ஆயில், கூலன்ட், வடிகட்டிகள். ஐந்தாவது போக்குவரத்து. மலையூரில் எல்லா இயந்திரமும் கிடைப்பதில்லை. எஞ்சின் பிளாக்கை மேற்கே கோதமங்கலத்துக்கோ, கிழக்கே போடிக்கோ, மறையூர் வழியாக உடுமலைக்கோ இறக்கி ஏற்ற நேர்ந்தால் அதற்குரிய வாடகை நியாயமானதே. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழி மலையில் சில வேளை மெய்யாகிறது. எத்தனை நடை, என்ன வாடகை என்பது மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

மூன்று பட்டறைகளில் கேட்டு, குறைந்த தொகையைத் தேர்ந்தெடுப்பதே சாமர்த்தியம் என்பது பரவலான எண்ணம். கணக்கின் முறையை விளக்க, நாமே அமைத்த ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். இவை சந்தை விலைகள் அல்ல. ஒருவர் 58,000 ரூபாய் என்கிறார். இரண்டாமவர் 72,000 என்று எழுதித் தருகிறார்: பாகங்கள் 36,000, லேத் கூலி 14,000, கழற்றி மாட்டும் கூலி 15,000, ஆயில் வகை 5,000, வாடகை 2,000. மூன்றாமவர் 95,000 என்கிறார். முதலாமவரை விசாரித்தால் லேத் கூலியும் ஆயிலும் வாடகையும் தனி என்கிறார். அந்த 21,000-ஐக் கூட்டினால் 79,000 ஆகிறது. மூன்றாமவரின் கணக்கில் கிளட்ச் செட்டுக்கு 9,000, இன்ஜெக்டர் வேலைக்கு 11,000 சேர்ந்திருக்கின்றன. அவற்றைக் கழித்தால் 75,000. மிகக் குறைவு என்று தோன்றியதே மிக அதிகமாக முடிந்தது. எஞ்சின் இறங்கியிருக்கும்போதே தேய்ந்த கிளட்சையும் மாற்றிவிட்டால் பின்னொரு நாள் கூலி மிச்சம் என்று மூன்றாமவர் கூறுவாராயின், அது நேர்மையான யோசனையாகவும் இருக்கலாம். தேய்ந்த கிளட்சைக் காட்டச் சொல்லிப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

எஞ்சின் ஏன் கெட்டது என்ற கேள்வியையும் விட்டுவிடலாகாது. அடைத்த ரேடியேட்டரால் சூடேறிக் கெட்ட எஞ்சினைப் புதுப்பித்து, ரேடியேட்டரை அப்படியே மாட்டினால், புதிய பிஸ்டனும் அதே கதியை அடையும். காரணத்தைக் களையாத விலைப்புள்ளி எவ்வளவு மலிவானாலும் நஷ்டமே.

தொகை நியாயமாக இருந்தும், வேலை நியாயமற்றதாக இருக்கக்கூடும். வண்டியை இன்றைய நிலையில் விற்றால் என்ன கிடைக்கும், எஞ்சின் வேலை முடிந்த பின் விற்றால் என்ன கிடைக்கும், இன்னும் எத்தனை ஆண்டு ஓட்டப் போகிறோம் என்று கணக்கிட வேண்டும். பழைய எஞ்சினுக்குப் பதிலாக வேறொரு எஞ்சின் வைக்கலாம் என்று சொல்வோரும் உண்டு. எஞ்சின் எண் பதிவுச் சான்றிதழில் இருப்பதால், மாற்றத்தை மோட்டார் வாகன அலுவலகத்தில் பதிவு செய்தல் வேண்டும். விற்றவரின் ரசீது இல்லாத எஞ்சினைத் தொடுவதும் கூடாது.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் உதிரிப்பாகங்களுக்கு 28 விழுக்காடாக இருந்த சரக்கு சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்தது. பழைய விழுக்காட்டில் எழுதிய கணக்கைத் திருத்தச் சொல்லலாம். பதிவு பெறாத பட்டறை இவ்வரியை வசூலிக்கலாகாது. பதிவு எண் 15 இலக்கம் கொண்டது. கேரளத்துக்குரியது 32 என்றும், தமிழ்நாட்டுக்குரியது 33 என்றும் தொடங்கும்.

சட்டம் நமக்கு அளிக்கும் காப்பையும் அறிந்திருத்தல் நலம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வேலை செய்துவிட்டுப் பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடவடிக்கையாகும். வாடகை வண்டிக்காரர் நுகர்வோர் ஆவாரா என்ற ஐயம் எழலாம். பிழைப்புக்காகத் தாமே ஓட்டுபவர் நுகர்வோரே என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது. வெளிமாநிலத் தமிழர்களுக்குப் பெரிதும் பயன்படும் விதி ஒன்று உண்டு. வேலை நடந்த ஊரில்தான் வழக்கிட வேண்டும் என்பதில்லை. நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். தேனியில் வேலை செய்த வண்டிக்கு மூணாற்றில் வாழ்பவர் இடுக்கி மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டு. 1915 என்ற தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

அதே சமயம் பட்டறைக்காரருக்கும் சட்டம் ஓர் உரிமை தந்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், தாம் செய்த வேலைக்குரிய கூலி கிடைக்கும் வரையில் வண்டியை அவர் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். ஆகவே எழுத்தில் இல்லாத வேலைக்கும் நம் சம்மதம் வேண்டும் என்பதை முன்னரே எழுதிக்கொள்ள வேண்டும். கூடுதல் வேலை நேர்ந்தால் படமும் தொகையும் வாட்ஸாப்பில் அனுப்பி, நம் ஒப்புதல் பெற்ற பின் செய்க என்று சொல்லிவிடலாம். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பத் தருதல், எத்தனை மாதம் அல்லது எத்தனை கிலோமீட்டருக்கு உத்தரவாதம், அதில் கூலியும் அடங்குமா என்பனவும் அதே தாளில் இடம்பெறட்டும். பாகங்கள் வாங்க முன்பணம் கொடுப்பது முறை. முழுத் தொகையையும் முதலிலேயே கொடுப்பது முறையன்று.

அயல் மாநிலத்தில் வாழும் நமக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. பட்டறைக்காரர் நம் மொழி பேசுபவராக, நம் சொந்த ஊர்ப் பக்கத்தவராக இருந்துவிட்டால், "அண்ணாச்சியிடம் போய்க் கணக்கு எழுதிக் கேட்பதா?" என்று நாணிவிடுகிறோம். வேறு மொழி பேசுபவராக இருந்தாலோ, காரணமின்றிச் சந்தேகிக்கிறோம். இரண்டும் பிழை. எழுதிக் கேட்பது அவநம்பிக்கையின் அடையாளமன்று; இருவருடைய நினைவுக்கும் அது துணை. கரியும் ஆயிலும் படிந்த கையோடு, ஒரு முடியின் பருமனை அளந்து கடையும் தொழிலாளியின் கூலி மலிவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. எண்களைக் காட்டி, பாகத்தைக் கையில் கொடுத்து, காரணத்தை விளக்குபவர் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் அவரிடமே வேலையைக் கொடுங்கள். விவரம் கேட்டவுடன் சினம் கொள்பவரிடமிருந்து, அவர் சொல்லும் தொகை எவ்வளவு குறைவாயினும், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.